காது மிஷினுக்குள் ஒரு கச்சேரி

இசைக் கலைஞர்கள் தங்கள் இசையைத் தாங்களே போட்டுக் கேட்டு ரசிப்பார்களா என்று யாராவது ஒரு கலைஞரைக் கேட்டுப் பாருங்கள். லேசாகக் கண்ணை மூடுவார். ஒரு பெருமூச்சு விடுவார். "என்னால முடியாதுங்க, தப்பு மட்டும்தான் காதுல விழும்" என்பார். மற்றவர்கள் விஷயம் எனக்குத் தெரியாது. நான் அப்படிச் சொன்னால் அது கலப்படமில்லாத பொய். நான் கேட்பேன். பல் துலக்கும்போது கேட்பேன், ரேஷன் கடை வரிசையில் கேட்பேன். என் பதிவுகளிலேயே எனக்குப் பிடித்த ஒன்றில் ஏழு தப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் வருவதற்கு முன்பே, பேருந்தில் வரும் சிநேகிதரை எதிர்பார்ப்பது போலக் காத்திருப்பேன். ஏழு பேரும் வந்து இறங்கியதும்தான் மனசு ஆறும்.

கலைஞர் என்று என்னையும் சேர்த்துக்கொண்டதற்கு என் மனைவி லோகநாயகி சண்டைக்கு வரலாம். (வர மாட்டாள். என் எழுத்தையும் என் வாசிப்பையும் ஒரே அளவு மதிப்பவள். இதைப் படிக்கப் போவதில்லை.)

மரக்காணத்தில் ஓர் உப்புச் சங்கத்தில் கணக்கராக இருந்தேன். லாரியில் ஏறும் மூட்டைகளை எண்ணுவதும், எண்ணியதைத் தட்டச்சு செய்வதும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு மூட்டை இல்லாததால் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிறேன். தட்டச்சுப் பழக்கத்தால்தான் எனக்குப் புல்புல்தாரா வாய்த்தது. நீளமான மரப்பெட்டி, அதன்மேல் கம்பிகள், தட்டச்சுப் பொறியில் இருப்பது போன்ற கட்டைகள். ஒரு கை கட்டையை அழுத்த, மறு கை கம்பியை மீட்ட வேண்டும். யாரோ கோபத்தில் ராஜினாமாக் கடிதம் தட்டுவது போல இருக்கிறது என்பது என் மகள் சுகந்தியின் விமர்சனம். எங்கள் ஊர் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும். வாத்தியக் கம்பி எம்மாத்திரம்? மாதம் ஒரு கம்பி அறுந்தது. அறுந்த அன்றைக்கெல்லாம் வீட்டில் ஏதாவது இனிப்பு செய்தார்கள். அது தற்செயல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான் சொல்லப்போகும் சம்பவத்தின்போது எனக்கு வயது அறுபத்தாறுதான். அறியாப் பருவம்.

அந்த வருஷம்தான் என் காது மந்தமானது. ஜபார் பாய் காது மிஷின் வாங்கிக் கொடுத்தார். ஷார்ஜாவில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்து, கடைவீதியில் செல்போன் கடை வைத்திருப்பவர். எனக்கு இருக்கும் ஒரே தோஸ்த். அங்கிருக்கும் மகனிடம் சொல்லி வரவழைத்தார். இரண்டு காதுக்கும் இரண்டு, மொச்சைக் கொட்டை அளவு.

"இதுல புளூடூத் இருக்குது கணக்கரே," என்றார். "போன்ல பாட்டு போட்டீங்கன்னா நேரா காதுக்குள்ள வந்துடும். பக்கத்துல குந்தியிருக்கிறவனுக்குக்கூட தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் கெடுத்துவிட்டது. அதுவரை என் வாசிப்பை நான் கேட்க வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். இப்போதோ லோகநாயகி எதிரில் நின்று திட்டிக்கொண்டிருக்கும்போதே என் காதுக்குள் மோகன ராகம் ஓடியது. திட்டு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல லேசாகக் கேட்டது. எங்கள் தாம்பத்தியத்திலேயே மிக இணக்கமான இரண்டு மாதங்கள் அவை. "காது மிஷின் வெச்சதுல இருந்து மனுஷன் எதிர்த்துப் பேசறதே இல்ல" என்று அவள் தெருவெல்லாம் சொன்னாள்.

மூன்றாவது மாதம் சுகந்திக்கு வானூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் செந்தில், அப்பா நிலம் நீச்சு உள்ளவர். பையனைச் சுகந்தி பார்த்துப் பேசிப் பிடித்தும் போய்விட்டது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் ஒரே ஒரு சிக்கல். சுகந்தி புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை செய்தாள். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருவாள். பையனின் அப்பா சிவப்பிரகாசத்துக்கு மருமகள் வேலைக்குப் போவதில் இஷ்டமில்லை என்று காற்றுவாக்கில் சேதி வந்திருந்தது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் சுகந்தி என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அப்பா, வேலைய விட மாட்டேன். அத நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா திமிருன்னுவாங்க. நீங்க சொன்னா பேச்சுவார்த்தைம்பாங்க."

"சொல்லிடறேன்."

"எப்படிச் சொல்வீங்க? சொல்லிக் காட்டுங்க."

"எங்க பொண்ணு வேலைய விடாது. அதுக்கு சம்மதம்னா மேல பேசலாம்."

"இன்னொரு தடவை. முழங்கால ஆட்டாம சொல்லுங்க."

நான்கு தடவை சொல்லிக் காட்டினேன். தட்டு மாற்றிய பிறகு எந்தப் பேச்சும் எடுபடாது. அதற்கு முன்னால் அப்பன்காரன் தலையாட்டியதுதான் தீர்ப்பு. எங்கள் பக்கத்து வழக்கம் அது. வாய்கூடத் திறக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். நான் விடிந்ததிலிருந்து நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது இருந்தன, எத்தனை முறை எண்ணியும் அவை ஒன்பதாகவே இருந்தது எனக்குக் கவலையளித்தது. ஜபார் பாய் தன் கடையிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கர் கொண்டு வந்து ஷோகேஸ் பக்கத்தில் வைத்தார். தட்டு மாற்றும்போது நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்க வேண்டும்; அதை என் போனிலிருந்து போடுவது என் பொறுப்பு. காலையிலேயே அந்த ஸ்பீக்கரையும் என் போனையும் இணைத்துச் சோதித்து, பிறகு அணைத்து வைத்தார். அன்று எங்கள் வீட்டில் முதலில் ஜோடி சேர்ந்தவை அவைதான்.

சிவப்பிரகாசம் ஆஜானுபாகு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எங்கள் ஊர் உப்புக் குவியலுக்கு மீசை வைத்தது போல இருந்தார். அவர் மனைவி மரகதம்மாள் ஒரு வார்த்தை பேசாமல், எங்கள் வீட்டுச் சுவரில் எங்கெல்லாம் காரை பெயர்ந்திருக்கிறது என்று பார்த்தபடி உட்கார்ந்தார். பையன் செந்தில் தன் செருப்பில்லாத கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவப்பிரகாசத்தின் கண் ஷோகேஸ் மேலிருந்த புல்புல்தாராவில் விழுந்தது.

"என்னங்க அது? வாசிப்பீங்களா?"

"ஏதோ கொஞ்சம்," என்றேன். (கொஞ்சம் என்று சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கண்ணாடி முன் பழகியிருக்கிறேன்.)

"ரெக்கார்டு பண்ணி வெச்சி கேப்பீங்களா?"

நான் லேசாகக் கண்ணை மூடினேன். ஒரு பெருமூச்சு விட்டேன்.

"உண்மையான கலைஞன் தான் வாசிச்சத கேக்க மாட்டான்ங்க. கேட்டா வளர்ச்சி நின்னுடும்."

சமையலறை வாசலில் நின்ற லோகநாயகிக்குப் புரையேறியது.

பஜ்ஜி வந்தது. சிவப்பிரகாசம் தன் போர்வெல்லைப் பற்றி ஆரம்பித்தார். முதலில் எங்கே போட்டார், ஏன் தண்ணீர் வரவில்லை, யார் பேச்சைக் கேட்டு இடம் மாற்றினார். எனக்கோ சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டையில் நின்று முழங்காலை ஆட்டியது. மனசைச் சமனப்படுத்த எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அரை நிமிஷம் மட்டும், ஆலாபனை மட்டும் என்று முடிவு செய்து, சட்டைப் பையிலிருந்த போனை மேலாக ஒரு தட்டு தட்டினேன்.

போர்வெல் கிணற்றுக்குள் போனது. என் காதுக்குள் நான் வந்தேன்.

அந்தப் பதிவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தது. அங்கே வாசித்தால் ஒரு எதிரொலி கிடைக்கும் பாருங்கள், கோயில் மண்டபத்தில் வாசிப்பது போல இருக்கும். ஒழுகும் குழாய் தாளத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளும். முதல் தப்பு வந்தது, வரவேற்றேன். இரண்டாவது தப்புக்குப் பின்னால் ஒரு சங்கதி உண்டு. அது எப்படி என் கையில் வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. தலை தானாக ஆடியது. எதிரில் சிவப்பிரகாசத்தின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. மறுபடி வாய் அசைந்தது. எனக்கு மேல் ஸ்தாயி வந்தது. "பேஷ்," என்றேன்.

லோகநாயகி வாசலில் நின்று கண்ணை உருட்டினாள். அவளுக்கும் எப்படியோ கேட்கிறது, முதல்முறையாக உருகுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஜபார் பாய் என் காலை மிதித்தார். மறுபடி மிதித்தார். தாளம் தப்பாமல் மிதிக்கிறாரே என்று வியந்தேன். உள்ளறைக் கதவு இடுக்கில் சுகந்தியின் ஒரு கண் தெரிந்தது. அதில் நீர் நின்றது. இந்தக் குழந்தைக்குச் சங்கீத ஞானம் இல்லை என்று எத்தனை நாள் தப்பாக நினைத்திருக்கிறேன் என்று எனக்கும் கண் கலங்கியது.

பதிவு முடிந்தது. காது மிஷின் வெளியுலகத்தை மறுபடி உள்ளே விட்டது. சிவப்பிரகாசம் தட்டோடு எழுந்து நின்றிருந்தார்.

"உங்கள மாதிரி சம்பந்தி கிடைக்கிறது கஷ்டம்ங்க. ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. கண்ணு வேற கலங்கிடுச்சு. அப்ப தட்டு மாத்திக்கலாம்."

நான் ஜபார் பாய் பக்கம் சாய்ந்தேன். "எதுக்கு மறுத்துப் பேசல?"

"யோவ்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "கல்யாணம் ஆன மறுநாளே பொண்ணு வேலைய விடணும், வானூர்ல வீட்டோட இருக்கணும், புதுச்சேரி பக்கமே போகக்கூடாதுன்னாரு. பதினோரு தடவை தலையாட்டினீரு. பேஷுன்னு வேற சொன்னீரு. உமக்கு என்ன ஆச்சு?"

அல்லாவும் என் குலதெய்வமும் சேர்ந்து வந்தாலும் காப்பாற்ற முடியாத இடம் அது. "நான் எதையும் கேட்கவில்லை, என் புல்புல்தாராவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்று சொன்னால் சுகந்தியின் வேலை பிழைக்கும். ஆனால் உண்மையான கலைஞனைப் பற்றி நான் சொல்லிப் பஜ்ஜிகூட ஆறவில்லை. மகளின் வாழ்க்கையா, என் மானமா? நல்ல தகப்பன் யோசிக்கவே மாட்டான். நான் யோசித்தேன். யோசித்தது மட்டுமல்ல, தடயத்தை மறைக்க அவசரமாக இரண்டு காது மிஷினையும் கழற்றி டப்பாவில் போட்டு மூடினேன். அந்தப் பதற்றத்தில் விரல் போனில் எங்கே பட்டதோ, பதிவு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது எனக்குத் தெரியாது.

அதே நேரத்தில் ஜபார் பாய், இனி ஆவது ஆகட்டும் என்று, நாதஸ்வரத்துக்காக ஸ்பீக்கரைப் போட்டார். ஸ்பீக்கர் காலையில் பழகிய என் போனைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

காது மிஷின் இல்லாத எனக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. எல்லோரும் சிலையாக நிற்பது மட்டும் தெரிந்தது. வெகுதூரத்தில், உப்பளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல, ஏதோ ஒரு வாத்தியம். யாரோ நன்றாக வாசிக்கிறார்களே என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரென்று தெரியாமல்தான் தலையாட்டினேன்.

அது பன்னிரண்டாவது ஆட்டல்.

பிறகு நடந்தது முழுவதும் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. ஸ்பீக்கரில் என் வாசிப்பு முழங்கியது. குழாய் சொட்டியது. பதிவின் நடுவில் டொக் டொக் என்று கதவு தட்டும் சத்தம். லோகநாயகியின் குரல்: "இன்னும் எவ்ளோ நேரம்? வயித்துக்கு ஒத்துக்கலன்னா சொல்லித் தொலைங்க, மாத்திரை குடுக்கறேன்." என் குரல்: "இரு, சரணம் முடியட்டும்." மறுபடி வாசிப்பு. கடைசியில், எந்த மனிதனும் குளியலறையில் தனியாக இருக்கும்போது மட்டுமே சொல்லக்கூடிய அந்த வார்த்தைகள்: "சபாஷ். இப்படி வாசிக்க இந்த ஜில்லாவுல ஆள் இல்ல. இத கேட்டுக்கிட்டே செத்துப்போலாம்." தொடர்ந்து கைதட்டல். ஒரே ஒருவர் தட்டியது. நிதானமாக, நீண்ட நேரம்.

ஜபார் பாய் ஓடி வந்து என் காதில் மிஷினைச் சொருகியபோது கைதட்டலின் கடைசிப் பகுதி எனக்கும் கேட்டது.

உள்ளறைக் கதவு திறந்தது. சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக நடுக்கூடத்துக்கு வந்தாள்.

"அங்கிள், எங்கப்பா நீங்க சொன்னது ஒண்ணத்தையும் கேக்கல. காது மிஷினுக்குள்ள இத போட்டுக் கேட்டுட்டு இருந்திருக்காரு. அவர் தலையாட்டினது உங்களுக்கு இல்ல. அவருக்கே."

சிவப்பிரகாசம் தட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "அப்டிங்களா?"

நான் தலையாட்ட நினைத்து, ஆட்ட பயந்து, அப்படியே நின்றேன்.

"நான் வேலைய விட மாட்டேன் அங்கிள்," என்றாள் சுகந்தி. "இத அப்பாவ சொல்லச் சொன்னேன். இப்ப நானே சொல்றேன். அதுக்கு நீங்க சம்மதிச்சா தட்டு மாத்திக்கலாம்."

செந்தில் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தான். "எனக்கும் புதுச்சேரிலதான வேலை. அங்கயே வீடு பாத்துக்கலாம்னு நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன்பா."

"அப்ப சொல்லியிருக்கலாமே," என்றாள் சுகந்தி.

"உங்கப்பா ஆட்டிட்டே இருந்தாரு. கேப் கிடைக்கல."

சிவப்பிரகாசத்தின் மீசை இரண்டு பக்கமும் துடித்தது. கோபமா சிரிப்பா என்று என்னால் கணக்கிட முடியவில்லை. அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத மரகதம்மாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். என்னைக் கூர்ந்து பார்த்தார். இந்த இடம் நமக்கு வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அந்த எக்கோ எப்படிங்க வந்துச்சு?" என்றார்.

"பாத்ரூம்லங்க," என்றேன் மெல்ல. "கதவச் சாத்திட்டு."

"நான் நெல்லு மூட்டை அடுக்கற ரூம்ல பாடிப் பாடிப் பதிவு பண்றேன், வரவே மாட்டேங்குது," என்றார் மரகதம்மாள்.

"மூட்டை சத்தத்த குடிச்சிடும்ங்க. காலி ரூம் வேணும். டைல்ஸ் இருந்தா விசேஷம்."

சிவப்பிரகாசம் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டார். "ஏண்டி, சாமிப் பாட்டுன்னு தினம் வேலை நேரத்துல போட்டுக்கினு இருக்கியே, அது நீ பாடினதா?"

"பின்ன? உங்களுக்குத் தெரியாதா?"

"ஆறு மாசமா கேக்கறேன். நல்லாயிருக்குதேன்னு யாருன்னுகூட கேக்கணும்னு நினைச்சேன்."

மரகதம்மாளின் முகத்தில் அந்த நொடி வந்த வெளிச்சத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. (கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.) அவர் திரும்பிக் கணவரிடம் சொன்னார்: "பொண்ணு வேலைக்குப் போகட்டும்ங்க. அது மனசுக்குப் புடிச்சத அது செய்யுது. ஏன் கெடுக்கணும்?"

சிவப்பிரகாசம் தட்டை எடுத்தார்.

"சரி, வேலைக்குப் போகட்டும். ஆனா எனக்கு ஒரு கண்டிஷன் இருக்குது. கல்யாணத்துல சம்பந்தி வாசிக்கக் கூடாது."

லோகநாயகி தலையாட்டினாள். சுகந்தி ஆட்டினாள். ஜபார் பாய் ஆட்டினார். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டு மாறியது.

கல்யாணம் நடந்து, சுகந்தியும் செந்திலும் புதுச்சேரியில் குடியேறினார்கள். எனக்கும் மரகதம்மாளுக்கும் ஓர் ஏற்பாடு உண்டானது. அவர் பாடிய பாட்டை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவார். நான் வாசித்ததை அவருக்கு அனுப்புவேன். "அருமை சம்பந்தி", "பாவம் பிரமாதம்" என்று இரண்டு பக்கமும் பதில் பறக்கும். இதில் லோகநாயகிக்குச் சந்தேகம். ஒரு நாள் என் போனிலிருந்து எங்கள் வீட்டு மிக்ஸியில் இட்லிப்பொடி அரைபடும் சத்தத்தை மரகதம்மாளுக்கு அனுப்பி வைத்தாள். உடனே பதில் வந்தது: "இன்னிக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு சம்பந்தி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடுத்தவர் கலையைக் கேட்காமலே பாராட்டுகிறவர் என்ன ரசிகர் என்று இரண்டு நாள் புலம்பினேன். புலம்பல் மூன்றாம் நாள் நின்றது.

சுகந்திக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. மறுவாரம் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதுவரை மரகதம்மாள் புதுச்சேரியில் அவளுக்குத் துணையாக இருந்தார். அந்த மூன்றாம் நாள் மதியம் அவரிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது. சுகந்திக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம், உடனே புறப்பட்டு வாருங்கள் என்று உச்சக் குரலில் அதில் சொல்லியிருந்தார். நான் அதைத் திறக்கவில்லை. என் காதுக்குள் புதிதாக வாசித்த இந்தோளம் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம் போலப் பதில் மட்டும் அனுப்பினேன்.

பேரன் எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டான். இன்று அவன் எதற்காவது அடம்பிடித்து அழ ஆரம்பித்தால் போதும், சுகந்தி, செந்தில், சிவப்பிரகாசம், மரகதம்மாள், லோகநாயகி, ஜபார் பாய் ஆக ஆறு பேரும் என் பக்கம் திரும்பி, அன்று நான் அனுப்பிய பதிலை ஒரே குரலில் சொல்கிறார்கள்:

"பிரமாதம் சம்பந்தி. ஆனால் இரண்டாவது சரணத்தில் கொஞ்சம் அவசரம் தெரிகிறது."